கேதம் சொல்லும் நாற்காலி

1

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் தன் மூக்குக்கண்ணாடியைக் கடையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பரமக்குடிக்காரர், இங்கே ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறார். கண்ணாடி இல்லாமல் என்னத்தைக் கணக்கு எழுதுவார் என்று போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். போனையே அணைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில், மண்டை பிளக்கும் வெயிலில் ஓடிவந்து கடை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "முருகேசண்ணே, யாருன்னு மட்டும் சொல்லிருங்க. அம்மாவா, அய்யாவா?" என்றார்.

நான் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, பெரிய மனுஷன், தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடித்ததும் திட்டினார். "இனிமே எது மறந்தாலும் நீங்களே வச்சுக்கங்க. எனக்குப் போன் மட்டும் போடாதீங்க." கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

பஹ்ரைனில் முஹரக் பக்கம் ஒரு சந்தில் முடி வெட்டுகிறேன். வந்து இருபது வருஷம் ஆகப் போகிறது. அதை ஒட்டி, நம் ஊர்க்காரர்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். "நல்லதா, சந்தோஷமா எழுதுங்கண்ணே" என்றும் சொன்னார்கள். சந்தோஷமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கண்ணாடிக்காரர் நினைவு வந்து எல்லாம் வேறு பக்கம் போய்விட்டது.

2

எங்கள் ஊர் உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடல் காற்று வந்து அடிக்கும் தூரத்தில் இருக்கிறது. குடும்பத் தொழில் சவரம். எங்கள் பக்கத்தில் முடி வெட்டுகிறவனுக்கு வெட்டுவது பாதி வேலைதான், மீதிப் பாதி சாவு வேலை. ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் அவருடைய சொந்தபந்தம் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் நாங்கள்தான் போய்ச் செய்தி சொல்லவேண்டும். அதற்குக் கேதம் சொல்வது என்று பேர். பிறகு கொள்ளி வைக்கிற மகனுக்குத் தலையும் மீசையும் எடுப்பதும் நாங்கள்தான்.

அய்யா, என் அப்பா, அந்த வேலையை ஒரு முறையோடு செய்வார். போன வீட்டு வாசலில்தான் நிற்பார், உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார். "உக்காந்திருக்கீகளா? பக்கத்துல யாரும் இருக்காகளா?" இந்த இரண்டையும் கேட்காமல் வாயைத் திறக்கமாட்டார். ஆள் உட்கார்ந்த பிறகுதான் சொல்வார். சொன்ன வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், அய்யா சும்மா ஒரு தெருவில் நுழைந்தாலே அங்கே பேச்சு நின்றுவிடும். ஒரு தடவை கமுதிச் சந்தைக்கு மிளகாய் வாங்கப் போயிருந்தார். அங்கே கடை போட்டிருந்த ஒரு அம்மா, எங்கள் ஊரில் பெண் கொடுத்தவள், அய்யாவைப் பார்த்ததும் தராசைக் கீழே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். மிளகாய்க்கு வந்தேன் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அய்யா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் அய்யாவை விடவில்லை. "போன்ல சொன்னா மரியாதையா? ஆள் போய்ச் சொல்லணும்" என்பார்கள். மரியாதை அவர்களுக்கு, அலைச்சல் எங்களுக்கு. அவருக்குப் பிறகு நான்தான் என்பதை யாரும் என்னிடம் கேட்டு முடிவு செய்யவில்லை. என்னைக் கண்டு ஒருத்தி மாரில் அடித்துக்கொள்ளும் பிழைப்பு எனக்கு வேண்டாம் என்று இருந்தது. ஏர்வாடிக்காரர் ஒருவர் மூலம் விசா வந்ததும் ஏறிவிட்டேன்.

3

கடையில் மூன்று நாற்காலி. ஒன்று என்னுடையது, ஒன்று ஏர்வாடி காசிமுடையது, மூன்றாவதில் ஒரு வங்காளி. காலையில் தரையைத் துடைப்பது, கருவிகளை மருந்தில் போடுவது, டவலை மடிப்பது. நகராட்சி ஆள் எப்போது வருவான் என்று தெரியாது. வந்தால் மருத்துவ அட்டையைக் கேட்பான், பிளேடு புதுசா என்று பார்ப்பான், தரையில் நாலு முடி கிடந்தால் அதையும் படம் எடுப்பான். முடி வெட்டுகிற கடையில் முடி கிடக்காமல் மல்லிகைப் பூவா கிடக்கும் என்று காசிம் தமிழில் முனகுவான். அவன் முகம் மட்டும் அரபியில் சிரித்துக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு நல்ல பழக்கம் உண்டு. முடி வெட்டி முடித்ததும் "நயீமன்" என்று சொல்லவேண்டும். இந்த முடிவெட்டு உனக்குச் சுகமாக அமையட்டும் என்று அர்த்தம். வெட்டிக்கொண்டவர் கடவுள் உனக்கும் அருளட்டும் என்று பதில் சொல்வார். நாங்கள் சொல்வது இருக்கட்டும், தெருவில் போகிறவன்கூட புதுசாக முடி வெட்டிய ஆளைப் பார்த்தால் சொல்லிவிட்டுப் போவான். முடி வெட்டுகிறவன் வாயிலிருந்து நல்ல வார்த்தையை எதிர்பார்க்கிற ஊர் இது என்று வந்த புதிதில் எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமை ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. ஒருநாள் ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, நீங்க இன்னாரு மகன்தான? எங்க மச்சான் அங்கனதான் வேலை பாக்குறாரு. அவுக அம்மா தவறிட்டாக. நீங்க கொஞ்சம் பக்குவமாச் சொல்லிருங்க. உங்களுக்குத்தான் அந்த முறை தெரியும்."

நான் என்ன செய்வேன்? அந்த மச்சானைக் கூப்பிட்டு, முடி வெட்டிக்கொள்ள வாங்க என்றேன். நாற்காலியில் உட்காரவைத்தேன். காசிமைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். பிறகு சொன்னேன். அவர் அழுது ஓய்ந்ததும் தலையை நனைத்து மொட்டை போட்டு, மீசையை எடுத்தேன். முடித்ததும் பழக்கதோஷத்தில் "நயீமன்" என்று சொல்லித் தொலைத்தேன். அவருக்கு அரபி தெரியாது. "நன்றிண்ணே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதோடு விஷயம் பரவிவிட்டது. ராமநாதபுரம், ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்து ஆட்கள் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் போன் எனக்கு. எதற்குப் பயந்து கடல் தாண்டினேனோ அது எனக்கு முன்னாலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. இப்போது நான் யாரையாவது கூப்பிட்டால் போனை எடுக்கவே பயப்படுகிறான். கண்ணாடிக்காரர் கதை இதுதான்.

4

சில வருஷமாக வீட்டுக்காரர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். "இப்பச் சொல்லாதீங்க. லீவு கிடைக்கட்டும். தெரிஞ்சா அங்கன தவிச்சுப்போவாரு." சொல்வதைவிட இது கொடுமை.

தங்கச்சிமடத்து அந்தோணி இங்கே ஒரு அரபியின் படகில் மீன்பிடிக்கிறார். அவர் அப்பா இறந்தபோது அவருடைய அக்கா கூப்பிட்டு, தம்பிக்குத் தெரியவேண்டாம், ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரும்போது நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்றார். ரெண்டாம் நாள் அந்தோணி முடி வெட்ட வந்து உட்கார்ந்தார். அப்பாவுக்குப் புது வலை வாங்கிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அப்பாவுக்கு இந்த வருஷம் கண் ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார். நான் பின்கழுத்தை வழித்துக்கொண்டு "ம்" கொட்டினேன். புதைத்துவிட்ட ஆளுக்கு மகன் கண் ஆபரேஷனுக்குத் திட்டம் போடுகிறான், அவன் தலை என் கையில் இருக்கிறது. அன்றைக்கு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

அப்போது ஒன்று தெரிந்துகொண்டேன். வழக்கமாக அந்தோணி உட்கார்ந்ததும் "அப்பா எப்படி இருக்காரு?" என்றுதான் ஆரம்பிப்பேன். அந்த நாளுக்குப் பிறகு அந்தக் கேள்வி என் வாயில் வரவே இல்லை. தெரிந்தவன் கேட்கமாட்டான்.

அந்தோணி ஊருக்குப் போய் எல்லாம் தெரிந்துகொண்டு திரும்பி வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்களுக்கு அப்பவே தெரியுமாண்ணே?" என்றார். தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடியில் என்னையே பார்த்தார். பிறகு, "கிருதாவைக் கொஞ்சம் எறக்கி வைங்க" என்றார். அவ்வளவுதான்.

5

என் அய்யாவுக்கும் உடம்பு சரியில்லை. மாசக் கணக்காகப் படுக்கையில் இருக்கிறார். கேதம் சொல்லித் தேய்ந்த கால், இப்போது கக்கூசுக்குப் போகவே ரெண்டு பேர் பிடிக்கவேண்டும். அவர் இருக்கும்போதே ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும், என் கையால் அவருக்கு ஒரு சவரம் செய்யவேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இப்போது இல்லை.

முதலாளி லீவு கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட்தான் இல்லை. காலாவதி ஆனதைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். ஊரில் போலீஸ் விசாரணைக்கு ஆள் வந்திருக்கிறார், வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. அப்படி ஒரு ஆள் இங்கே குடியிருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதிப் போய்விட்டார். வீடு ஏன் பூட்டிக் கிடந்தது? எல்லாரும் அய்யாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அய்யாவைப் பார்க்கப் போவதற்கான பாஸ்போர்ட் அய்யாவால் நின்றுபோனது. யாரை நோவது? மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

தினமும் மகன் சரவணனோடு பேசுகிறேன். அவன் ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் கடையில் இருக்கிறான். நான் இங்கே வந்தபோது தொட்டிலில் கிடந்தவன். இப்போது என் பேச்சுக்கு அவன் பதில் எல்லாம் ஒரு சொல்தான். சாப்பிட்டியா என்றால் ம். தாத்தா எப்படி என்றால் இருக்காரு. ஒருதரம் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "சாவைச் சொல்லிப் பொழைக்கிற பொழப்பெல்லாம் எனக்கு ஆகாதுப்பா" என்றான். அவன் வயசில் நானும் அதைத்தான் சொன்னேன். ஆனாலும் சுருக்கென்று இருந்தது.

6

மேலே உள்ளதை எழுதி வைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இதற்குள் சில விஷயங்கள் நடந்திருக்கின்றன.

முதலில் காசிம். நம் ஊர் ஆட்கள் யார் வந்தாலும் "அண்ணே, நீங்க இருங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அவன் நாற்காலிக்கு இழுத்துக்கொள்கிறான். கத்தி பிடித்து ஷேவ் செய்யும் வேலையை என்னிடம் விடுவதே இல்லை. உங்க கைக்கு ஓய்வு வேணும் என்கிறான். என் கைக்கு ஒன்றுமில்லை.

பிறகு அந்தோணி. கடலுக்குப் போகாத நாள் எல்லாம் கடைக்கு வந்துவிடுகிறார். ஒருநாள் ஓரா மீன் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். முடி வெட்டிக்கொள்வதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் திரும்பினால் போனைப் பார்க்கிறார்.

வீட்டிலிருந்து வரும் அழைப்பில் படம் வருவதில்லை. "நெட்டு சரியில்லப்பா" என்கிறான் மகன். என் பெண்டாட்டி பஞ்சவர்ணத்தின் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறது. சளி என்கிறாள். அய்யாவிடம் போனைக் கொடு என்றால் இப்பத்தான் கண் அசந்தார் என்கிறாள். எந்நேரம் கூப்பிட்டாலும் இப்பத்தான் கண் அசந்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கடைக்குள் வருகிற நம் ஊர் ஆள் ஒவ்வொருவனும் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது "அய்யா எப்படி இருக்காரு?" என்றுதான். ஒரு வாரமாக ஒருத்தனும் கேட்கவில்லை.

நானும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தெரிந்தவன் கேட்கமாட்டான் என்று எழுதினேன். தெரிந்துகொள்ளப் பயப்படுகிறவனும் கேட்கமாட்டான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

7

வெள்ளிக்கிழமை மதியம், கடையின் இடைவேளை நேரம். வங்காளி அறைக்குப் போய்விட்டான். காசிமும் போயிருக்கவேண்டும், போகாமல் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தான். அந்தோணி பெஞ்சில் இருந்தார். நான் வீடியோவில் மகனைக் கூப்பிட்டேன். வேறு யாரோ என்று நினைத்தானோ என்னமோ, எடுத்துவிட்டான்.

தலையில் தொப்பி போட்டிருந்தான். பின்னால் எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது.

"என்னலே தொப்பி?"

"வெயிலுப்பா."

"வீட்டுக்குள்ளயா வெயிலு?"

அவன் போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தான். அதற்குள் பார்த்துவிட்டேன். மேலுதட்டில் வெறும் முள் முடிதான் இருந்தது.

"மீசை எங்கலே?"

"சும்மா, ஸ்டைலுக்கு எடுத்தேன்."

அப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் மீசையை எடுக்கமாட்டான். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. ஒரு நொடி, செத்தது நான்தான் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு நடந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டதா என்று கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன்.

அப்புறம் தொழில் கண் வேலை செய்தது. தொப்பிக்குக் கீழே கிருதா இல்லை. காதுக்குப் பின்னால் பொருக்குத் தட்டிய ஒரு கீறல். அது யார் கை என்று எனக்குத் தெரியும். அய்யாவின் தம்பி கருப்பையா சித்தப்பா கத்தி பிடித்தால் காதை மடக்கமாட்டார். எத்தனை தடவை அய்யா அதற்குத் திட்டியிருக்கிறார். எங்கள் வீட்டு ஆண்கள் தலையில் சித்தப்பா கத்தி வைப்பது சாவுக்கு மட்டும்தான்.

"சித்தப்பா காதுகிட்ட கீறிட்டாராலே?" என்று கேட்டேன்.

அவன் உதடு துடித்தது. அழப்போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை. போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு நேராக நிமிர்ந்து நின்றான்.

"அப்பா, உக்காந்திருக்கீகளா?"

"நிக்கிறேன்."

"உக்காருங்க. பக்கத்துல யாரும் இருக்காகளா?"

நான் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வாடிக்கையாளர் உட்காருகிற என் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். காசிம் பின்னால் வந்து என் தோளில் கை வைத்தான். அதுவரை காத்திருந்து, பிறகுதான் மகன் தொப்பியைக் கழற்றினான்.

"தாத்தா போன வாரம் புதன்கிழமை தவறிட்டாருப்பா. நான்தான் கொள்ளி வச்சேன். பாஸ்போர்ட்டு இல்லாம அங்கன தவிப்பாருன்னு அம்மாதான் சொல்ல வேணாமுன்னுச்சு."

அழுதேன். ஊரையே உட்காரவைத்துப் பக்குவமாகக் கேதம் சொன்ன மனுஷன். அவர் கேதம் என்னிடம் வந்துசேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

காசிம் வெந்நீர் தயாராக வைத்திருந்தான். எத்தனை நாளாகத் தயாராக வைத்திருந்தானோ. புது பிளேடு மாட்டி, "எடுத்துரலாமாண்ணே?" என்றான். தலையாட்டினேன். அவன் காதை மடக்கிப் பிடித்து, ஒரு கீறல் இல்லாமல் எடுத்தான். பிறகு மீசையையும் எடுத்தான்.

அந்தோணி எழுந்து வந்தார். "உங்க மகன் அன்னைக்கே எனக்குத்தான் போன் போட்டாரு. நீங்க எனக்குச் செஞ்சதத்தான் நான் உங்களுக்குச் செஞ்சேன்" என்றார். பிரியத்தில் சொன்னாரா, வேறு மாதிரிச் சொன்னாரா என்று இப்போதுவரை எனக்குத் தெரியவில்லை. காசிம் ஊற்றிக் கொடுத்த டீயைத் தொடாமலே போய்விட்டார்.

சாயங்காலம் கடை திறந்ததும் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர், பக்கத்துச் சந்து அரபுக் கிழவர், வந்தார். என் தலையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "நயீமன், நயீமன்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். காசிம் பதறிப்போய் அவரிடம் ஏதோ சொல்ல வந்தான். நான் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, சொல்லவேண்டிய பதிலைச் சொன்னேன். கடவுள் உங்களுக்கும் அருளட்டும்.

இருட்டுவதற்குள் மகன் மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை அவனாகவே வீடியோவில் வந்தான். ரெண்டு மொட்டைத் தலையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் ஒரு சொல்லுக்கு மேல் பேசினான்.

"ரோட்டுல பாக்குறவுக எல்லாம் ஏலே, அப்பா தவறிட்டாராலேன்னு கேக்குறாகப்பா."

"நீ என்ன சொன்ன?"

"இல்ல, வெளிநாட்டுல இருக்காருன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாக?"

"நம்புன மாதிரி தெரியல. சரிப்பான்னு தோளத் தட்டிட்டுப் போறாக."

மீசை வளர்கிறவரை வெளியே அதிகம் சுற்றாதே என்றேன். அவனுக்கு முடி சீக்கிரம் வளரும், என் வாகு. ஒரு மாசத்தில் பழையபடி ஆகிவிடும். அதற்குள் நான் போய் அவன் பக்கத்தில் நின்று, அந்தத் தெருவில் ஒருதரம் நடந்துவிட வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை.